வரைபடத் தூரமும் காற்றுத் தூரமும்: விமானக் கணக்கைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு

2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டில்லி–சான்ஃபிரான்சிஸ்கோ விமானத்தின் பாதையை மாற்றியது. அதுவரை மேற்கே அட்லாண்டிக் வழியாகப் போய்க்கொண்டிருந்த விமானம், கிழக்கே பசிபிக்கைத் தாண்டிப் போகத் தொடங்கியது. பழைய பாதையின் நீளம் சுமார் 13,900 கிலோமீட்டர். புதிய பாதை சுமார் 15,300. ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் கூடியிருக்கிறது. ஆனால் பயண நேரம் ஏறத்தாழ பதினாறரை மணியிலிருந்து பதினான்கரை மணிக்கு இறங்கிவிட்டது.

வட அரைக்கோளத்தின் நடுப்பகுதிகளில், பெரிய விமானங்கள் பறக்கும் உயரத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. பழைய பாதையில் அது முகத்தில் அடித்தது. புதிய பாதையில் பின்னாலிருந்து தள்ளியது. அந்த விமானம் காற்றுக்குள் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதாக வைத்துக்கொள்வோம். பதினாறரை மணி நேரத்தில் அது 14,850 கிலோமீட்டர் காற்றைக் கடந்திருக்கும். பதினான்கரை மணி நேரத்தில் 13,050 மட்டுமே. அதாவது வரைபடத்தில் நீளமான பாதைதான் காற்றில் 1,800 கிலோமீட்டர் குறைவு. எரிபொருள் செலவாவதும் காற்றில் போன தூரத்துக்குத்தான்.

இந்தக் கணக்கை நீங்களே போடக் கற்றுக்கொள்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை. பைலட் பயிற்சிக்குச் சேர்ந்து நேவிகேஷன் பாடத்தைத் தொடங்கியிருப்பவர்கள், கம்ப்யூட்டரில் ஃபிளைட் சிமுலேட்டர் ஓட்டுபவர்கள், ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து திரையில் ஓடும் எண்களைப் பார்த்து யோசிப்பவர்கள், எல்லோருக்கும் இது பொருந்தும். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். பென்சிலும் தாளும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படித்துக்கொண்டே போட்டுப் பார்த்தால்தான் இது மனதில் நிற்கும்.

முதலில், இரண்டு தூரங்களையும் பிரித்துப் பாருங்கள்

ஆற்றில் படகு வலிப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் துடுப்பு போடுவது தண்ணீரில். தண்ணீரே நகர்ந்துகொண்டிருந்தால், கரையிலிருந்து பார்க்கும்போது படகு போன தூரம் வேறு, அவர் துடுப்பு போட்டுத் தண்ணீரில் கடந்த தூரம் வேறு. விமானத்துக்கும் இதே நிலைதான். இறக்கைக்குத் தரை தெரியாது. தன்னைச் சுற்றியிருக்கும் காற்று மட்டும்தான் தெரியும். அந்தக் காற்று மொத்தமும் ஒரே சீராக மணிக்கு நூறு கிலோமீட்டர் நகர்ந்தாலும் விமானத்துக்குள் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. உலுக்கல் வருவது காற்று சீராக இல்லாதபோதுதான். சீரான காற்று, அது எவ்வளவு பலமாக இருந்தாலும், சத்தமில்லாமல் விமானத்தை இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் அதை உணர்ந்து கண்டுபிடிக்க முடியாது, கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

விமானம் காற்றுக்குள் போகும் வேகத்தை இந்தக் கட்டுரை முழுக்க ஏர்ஸ்பீட் என்றே சொல்கிறேன். தரைக்கு மேலே அது நகரும் வேகம் தரைவேகம். வேகத்தை நாட் (knot) என்ற அலகில் சொல்வோம். ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். இனி மைல் என்று வருமிடமெல்லாம் கடல் மைல்தான்.

காற்றுத் தூரம் என்பது ஏர்ஸ்பீட் × நேரம்.
தரைத் தூரம் என்பது தரைவேகம் × நேரம்.

இரண்டிலும் நேரம் ஒன்றேதான். இதை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வானத்தில் ஓடும் கடிகாரமும் தரையில் ஓடும் கடிகாரமும் ஒரே நேரத்தைத்தான் காட்டுகின்றன. அதனால் இரண்டு தூரங்களுக்கும் உள்ள விகிதம், இரண்டு வேகங்களுக்கும் உள்ள விகிதமே:

காற்றுத் தூரம் = தரைத் தூரம் × ஏர்ஸ்பீட் ÷ தரைவேகம்.

இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்வதைவிட, "முதலில் நேரத்தைக் கண்டுபிடி, அப்புறம் ஏர்ஸ்பீட்டால் பெருக்கு" என்று பழகிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. சூத்திரம் பரீட்சை அறையில் தலைகீழாக மாறிப்போகலாம். நேரம் வழியாகப் போனால் அந்தத் தவறு வராது.

சரியான ஏர்ஸ்பீட்டை எடுங்கள்

புதிதாக வருபவர்கள் பலர் இங்கேயே வழுக்குவார்கள். விமானத்தில் இருக்கும் வேகமுள் காட்டும் எண்ணை அப்படியே கணக்கில் போடக்கூடாது. அந்தக் கருவி அளப்பது எதிரே மோதும் காற்றின் அழுத்தத்தை. உயரே போகப் போகக் காற்று மெலிவதால், அதே அழுத்தம் கிடைக்க விமானம் இன்னும் வேகமாகப் போயாக வேண்டும். ஆகவே முள் காட்டுவதைவிட உண்மையான வேகம் அதிகம். சிறு விமானங்களுக்கு ஒரு எளிய வழி உண்டு: ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் இரண்டு சதவீதம் கூட்டுங்கள். 8,000 அடியில் முள் 100 நாட் காட்டினால் உண்மையான ஏர்ஸ்பீட் சுமார் 116 நாட். வெப்பநிலையையும் சேர்த்துத் துல்லியமாக எடுக்க ஈ6பி என்ற வட்டக் கணக்கு அட்டை இருக்கிறது. இப்போது அது செல்போன் செயலியாகவும் வருகிறது. கீழே வரும் எல்லாக் கணக்குகளிலும் ஏர்ஸ்பீட் என்பது இந்த உண்மையான வேகம்தான்.

காற்றைப் படிக்கும் முறை

வானிலை அறிக்கையில் 270/30 என்று இருந்தால், காற்று 270 பாகையிலிருந்து, அதாவது மேற்கிலிருந்து, 30 நாட் வேகத்தில் வருகிறது என்று பொருள். காற்றுக்கு எப்போதும் வரும் திசையைச் சொல்வார்கள், விமானத்துக்குப் போகும் திசையைச் சொல்வார்கள். இந்த முரணைக் கவனிக்காமல் விட்டால் எதிர்காற்று பின்காற்றாக மாறிவிடும். கணக்கு முழுக்கத் தலைகீழாகிவிடும். எனவே தாளில் ஒரு சிறு படம் போடுங்கள். பாதைக்கு ஒரு அம்பு, காற்று போகும் பக்கத்துக்கு ஒரு அம்பு. பத்து வினாடி வேலை.

விமான நிலையம் வெளியிடும் மெட்டார் என்ற வானிலை அறிக்கை தரைக்குப் பக்கத்தில் வீசும் காற்றைத்தான் சொல்கிறது. பயணக் கணக்குக்கு நீங்கள் பறக்கப்போகும் உயரத்தின் காற்று வேண்டும். மேல்மட்டக் காற்று முன்னறிவிப்பில் உங்கள் உயரம் இல்லையென்றால், அதற்கு மேலும் கீழும் கொடுத்திருக்கும் எண்களுக்கு இடையில் மதிப்பிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். முன்னறிவிப்பில் வரும் திசை மெய்வடக்கை, அதாவது பூமியின் வட துருவத்தை, வைத்துச் சொல்வது. டவரிலிருந்து கட்டுப்பாட்டாளர் வாயால் சொல்லும் காற்று காந்த வடக்கை, அதாவது திசைகாட்டி முள் காட்டும் வடக்கை, வைத்தது. தமிழ்நாட்டில் இரண்டுக்கும் வித்தியாசம் ஓரிரு பாகைதான், யாரும் பெரிதாகக் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் கனடாவின் கிழக்குக் கரையில் அது பதினைந்து பாகைக்கு மேல். அங்கே இரண்டையும் கலந்தால் கணக்கு கெட்டுவிடும்.

காற்று அபூர்வமாகத்தான் நேர் எதிரே வரும். சாய்வாக வரும்போது அதில் எவ்வளவு பங்கு உங்களைத் தடுக்கிறது என்று பார்க்க வேண்டும். பாதைக்கும் காற்று வரும் திசைக்கும் உள்ள கோணத்தை எடுங்கள். 30 பாகை என்றால் காற்றின் வேகத்தில் 0.87 பங்கு எதிர்காற்று. 45 பாகைக்கு 0.7. 60 பாகைக்குப் பாதி. 90 பாகைக்கு எதுவுமில்லை. கோணம் 90 பாகையைத் தாண்டிவிட்டால் அது பின்காற்று. அப்போது 180 பாகையிலிருந்து கழித்துவிட்டு இதே எண்களைப் போடுங்கள். உதாரணமாக, நீங்கள் 270 நோக்கிப் போகிறீர்கள், காற்று 300/24. கோணம் 30 பாகை. எதிர்காற்று 24 × 0.87, சுமார் 21 நாட். பக்கக்காற்று 12 நாட்.

இங்கே ஒரு நுணுக்கம். முழுக்கப் பக்கத்திலிருந்து வரும் காற்று தூரத்தைப் பாதிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். விமானம் பாதையில் நிற்க வேண்டுமானால் மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பிக்கொண்டு நண்டுபோலச் சாய்வாகப் போக வேண்டும். அப்படித் திருப்பும்போது ஏர்ஸ்பீட்டில் ஒரு பகுதி காற்றைச் சமாளிப்பதிலேயே போய்விடும். 100 நாட் விமானத்துக்கு 30 நாட் பக்கக்காற்று அடித்தால் மூக்கைச் சுமார் 17 பாகை திருப்ப வேண்டும். தரைவேகம் 95 நாட்டாகக் குறையும். தரையில் நூறு மைல் போகக் காற்றில் சுமார் 105 மைல் பறக்க வேண்டியிருக்கும். வேகமான ஜெட்டுக்கு இது அற்பம். மெதுவாகப் பறக்கும் பயிற்சி விமானத்துக்கு இது கணக்கில் வர வேண்டிய எண்.

இப்போது ஒரு முழுக் கணக்கு

செஸ்னா 172 மாதிரி ஒரு பயிற்சி விமானம். ஏர்ஸ்பீட் 100 நாட், மணிக்கு 32 லிட்டர் பெட்ரோல் என்று வைத்துக்கொள்வோம். 120 மைல் தள்ளியிருக்கும் ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டும். போகும்போது 20 நாட் எதிர்காற்று, வரும்போது அதே 20 நாட் பின்காற்று.

போகும்போது தரைவேகம் 80. நேரம் 120 ÷ 80, ஒன்றரை மணி. காற்றுத் தூரம் 150 மைல். பெட்ரோல் 48 லிட்டர்.

வரும்போது தரைவேகம் 120. நேரம் ஒரு மணி. காற்றுத் தூரம் 100 மைல். பெட்ரோல் 32 லிட்டர்.

மொத்தம் இரண்டரை மணி, 250 காற்று மைல், 80 லிட்டர். காற்றே இல்லாத நாளில் இது 2 மணி 24 நிமிடம், 240 மைல், 77 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. போகும்போது இழந்ததை வரும்போது திரும்பப் பெற்றுவிடலாம் என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் எண்ணம். அது சரியில்லை. எதிர்காற்றில் நீங்கள் அதிக நேரம் இருக்கிறீர்கள், பின்காற்றில் குறைந்த நேரம் இருக்கிறீர்கள். கெடுதல் செய்யும் காற்றுக்கு ஒன்றரை மணி நேரம், உதவும் காற்றுக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது.

இதே கணக்கை 50 நாட் காற்றுக்குப் போட்டுப் பாருங்கள். போக 2 மணி 24 நிமிடம், வர 48 நிமிடம். மொத்தம் 3 மணி 12 நிமிடம், 320 காற்று மைல், 102 லிட்டர். 20 நாட்டுக்குப் பத்து மைல் கூடியது, 50 நாட்டுக்கு எண்பது மைல் கூடிவிட்டது. காற்று இரண்டரை மடங்கு ஆனால் இழப்பும் இரண்டரை மடங்கு ஆகும் என்று மனக்கணக்காகப் போட்டுவிடக்கூடாது, அது எட்டு மடங்கு ஆகிவிட்டது. காற்று 100 நாட் ஆனால் அந்த விமானம் போய்ச் சேரவே சேராது; இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், தரையில் அசைவே இருக்காது.

பாதையில் காற்று மாறினாலும் இதே எச்சரிக்கை. முதல் பாதியில் 40 நாட் எதிர்காற்று, இரண்டாம் பாதியில் 40 நாட் பின்காற்று என்றால் சராசரி பூஜ்யம் என்று எழுதாதீர்கள். பாதையைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக நேரம் கண்டுபிடித்து, கடைசியில் நேரங்களைக் கூட்டுங்கள்.

எந்த உயரம், எந்தப் பாதை

காற்றுத் தூரம் என்ற அளவு கையில் வந்துவிட்டால் அடுத்த கேள்வி தானாக வரும்: அதைக் குறைக்க முடியுமா? உயரத்தை மாற்றினால் காற்று மாறும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் தென்னிந்தியாவுக்கு மேலே இது கண்கூடாகத் தெரியும். தரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் வாக்கில் பலமான மேற்குக் காற்று. அதையே தாண்டி உயரே போனால் காற்று தளர்ந்து, திசை திரும்பி, 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து வீசும் வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்றாகிவிடும் (தாரைக்காற்று என்பது உயரத்தில் ஆறுபோல ஓடும் பலமான காற்று). சென்னையிலிருந்து பெங்களூருக்கு நேர் மேற்கே சுமார் 145 மைல். ஜூலையில் சிறு விமானம் ஒன்று 6,000 அடியில் அங்கே போனால் எதிர்காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். அதே நாளில், அதே மேற்கு நோக்கி, வளைகுடா நாட்டுக்கு 38,000 அடியில் போகும் ஜெட்டைக் காற்று பின்னாலிருந்து தள்ளும். ஒரே ஊர், ஒரே திசை, நேர்மாறான காற்று.

உயரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது காற்றை மட்டும் பார்க்கக்கூடாது. கீழே எதிர்காற்று குறைவு என்று ஜெட் விமானம் கீழே இறங்கிப் பறந்தால் ஒவ்வொரு காற்று மைலுக்கும் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். இரண்டு உயரங்களுக்கும் தனித்தனியாகக் காற்றுத் தூரத்தைக் கண்டுபிடித்து, அந்தந்த உயரத்தில் ஒரு காற்று மைலுக்கு ஆகும் எரிபொருளால் பெருக்கிப் பார்த்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும்.

பாதையை மாற்றுவது இன்னும் பெரிய ஆதாயம். லண்டன்–நியூயார்க் பாதை இதற்கு நல்ல பாடம். இரண்டுக்கும் இடையே சுமார் 3,000 மைல். ஏர்ஸ்பீட் 480 நாட், காற்று 80 நாட் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். நியூயார்க் போகும்போது தரைவேகம் 400, ஏழரை மணி, 3,600 காற்று மைல். லண்டன் திரும்பும்போது தரைவேகம் 560, சுமார் 5 மணி 21 நிமிடம், 2,570 காற்று மைல். ஒரே இரண்டு ஊர்களுக்கு நடுவே ஆயிரம் மைலுக்கு மேல் வித்தியாசம்! அதனால்தான் வட அட்லாண்டிக்குக்கு மேல் நிரந்தரச் சாலைகளை மட்டும் நம்பாமல், அன்றாடம் காற்றைப் பார்த்துப் புதிதாகத் தடங்கள் வகுக்கும் முறை வந்தது. மேற்கே போகும் பகல் தடங்களைப் பிரிட்டன், அயர்லாந்து பக்கத்து ஷான்விக் கட்டுப்பாட்டு மையமும், கிழக்கே வரும் இரவுத் தடங்களைக் கனடாவின் கேண்டர் மையமும் வெளியிடும். கிழக்கே வருபவை தாரைக்காற்றுக்குள் புகுந்து வரும். மேற்கே போகிறவை, வரைபடத்தில் வளைந்தாலும் பரவாயில்லை என்று அதை ஒதுங்கிப் போகும். இப்படி மாறும் காற்றில் மிகக் குறைந்த நேரத்தில் போய்ச் சேர எப்படித் திசை பிடிப்பது என்ற கேள்வியை எர்ன்ஸ்ட் செர்மெலோ என்ற ஜெர்மன் கணிதமேதை 1931இல் கணிதமாக எழுதித் தீர்த்தார். இன்று விமான நிறுவனங்களின் பயணத் திட்ட மென்பொருள்கள் தேடுவதும் அந்தக் கேள்விக்கான விடையைத்தான்.

2020 பிப்ரவரி 9 அன்று, கியாரா புயல் பிரிட்டனைத் தாக்கிய நேரத்தில், பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரைவேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலியை மிஞ்சிவிட்டதா என்று பலர் கேட்டார்கள். இல்லை. காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது. மீதியைக் காற்று கொடுத்தது. உங்கள் சீட் முன்னால் இருக்கும் திரையில் காட்டுவதும் தரைவேகம்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

திரும்புவதா, முன்னே போவதா

கடலுக்கு மேலே பாதி வழியில் ஒரு இஞ்சின் நின்றுவிட்டால் எந்தப் பக்கம் போவது? நடுப்புள்ளியைத் தாண்டிவிட்டால் முன்னே, தாண்டாவிட்டால் பின்னே என்பது காற்றில்லாத உலகத்துக்குத்தான் சரி. நமக்கு வேண்டியது தூரத்தின் நடு அல்ல, நேரத்தின் நடு. அதைக் கண்டுபிடிக்க:

புறப்பட்ட இடத்திலிருந்து தூரம் = மொத்தத் தூரம் × திரும்பும் தரைவேகம் ÷ (போகும் தரைவேகம் + திரும்பும் தரைவேகம்).

அயர்லாந்தின் ஷானனிலிருந்து கனடாவின் கேண்டருக்குச் சுமார் 1,700 மைல். அவசரத்தில் இறங்க இந்த இரண்டையும் குறித்துவைப்பது வழக்கம். மேலே சொன்ன அதே காற்றில் போகும் தரைவேகம் 400, திரும்பும் தரைவேகம் 560. 1,700 × 560 ÷ 960 போட்டால் 992 மைல் வருகிறது. நடுப்புள்ளி 850தான். 900ஆவது மைலில் பிரச்சினை வந்தால், கேண்டர் தரைத் தூரத்தில் பக்கம், ஆனால் ஷானனுக்குத் திரும்புவதே சீக்கிரம். இந்த நேரத்தின் நடு, அதாவது சமநேரப் புள்ளி, எப்போதும் காற்று வரும் பக்கமாகத்தான் நகரும். விடை நடுப்புள்ளியிலிருந்து காற்று போகும் பக்கமாக நகர்ந்திருந்தால் எங்கோ எண் மாறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். நிஜப் பயணத்தில் ஒரு இஞ்சினோடு பறக்கும் குறைந்த வேகத்தையும், அப்போது இறங்க வேண்டிய உயரத்தின் காற்றையும் வைத்து இதே கணக்கைப் போடுவார்கள்.

ஏறும்போதும் இறங்கும்போதும்

பெரிய விமானங்களின் கையேட்டில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் கொடுத்திருக்கும் தூரம் பல நேரங்களில் காற்று மைலில் இருக்கும். அட்டவணையின் தலைப்பைப் படிக்காமல் எண்ணை எடுக்காதீர்கள். 35,000 அடியிலிருந்து இறங்க 110 காற்று மைல், சுமார் 20 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 60 நாட் பின்காற்று 20 நிமிடத்தில் விமானத்தை 20 மைல் கூடுதலாகத் தள்ளிவிடும். ஆகவே 130 மைலிலேயே இறங்கத் தொடங்க வேண்டும். அதே அளவு எதிர்காற்று என்றால் 90 மைல் வரை காத்திருக்கலாம்.

இஞ்சின் நின்றுபோன சிறு விமானத்துக்கு இது உயிர்க் கணக்கு. செஸ்னா 172 இஞ்சின் இல்லாமல் 65 நாட்டில் மிதந்து இறங்கும்போது ஆயிரம் அடிக்குச் சுமார் ஒன்றரை மைல் போகும். 4,000 அடியிலிருந்து ஆறு காற்று மைல், நேரம் ஐந்தரை நிமிடம். 20 நாட் எதிர்காற்றில் அந்த ஐந்தரை நிமிடத்தில் கிட்டத்தட்ட இரண்டு மைல் பறிபோகும். எட்டுவது நாலே சொச்சம் மைல். பின்காற்றுப் பக்கம் திரும்பினால் ஏழே முக்கால். கண்ணுக்கு எதிரே ஐந்து மைலில் நல்ல வயல் தெரிந்தாலும் எட்டாது. முதுகுக்குப் பின்னால் ஏழு மைலில் இருக்கும் வயல் எட்டும். இறங்கும் கடைசிக் கட்டத்தில் காற்றை எதிர்நோக்கித் திரும்ப வேண்டும் என்பதால் அதற்கு உயரத்தை மிச்சம் வையுங்கள். எதிர்காற்றில் வேறு வழியில்லாமல் முன்னேயே போக வேண்டியிருந்தால், கிளைடர் ஓட்டுபவர்கள் செய்வதுபோல எதிர்காற்றின் வேகத்தில் பாதியைச் சேர்த்துச் சற்று வேகமாகப் பறந்தால் கொஞ்சம் அதிக தூரம் கிடைக்கும். மெதுவாகப் பறந்து தூரத்தை நீட்டலாம் என்று மூக்கைத் தூக்குவது ஆபத்து.

பறக்கும்போது கணக்கைச் சோதியுங்கள்

முன்னறிவிப்பில் வந்த காற்றுதான் வீசும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இந்தப் படியைத் தவிர்த்தால் மேலே போட்ட எல்லாக் கணக்கும் வீண்.

ஜப்பானில் தத்தேனோ வானிலை நிலையத்தில் பலூன்களைப் பறக்கவிட்டு அளந்த வாசாபுரோ ஓயிஷி, உயரத்தில் ஓடும் பலமான மேற்குக் காற்றை 1920களிலேயே கண்டார். தன் முடிவுகளை 1926இல் எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் வெளியிட்டார். வெளியுலகில் அதைப் படித்தவர்கள் சிலரே. இரண்டாம் உலகப்போரின் கடைசியில் ஜப்பானுக்கு மேலே பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் மாட்டிய பிறகும், சாதாரணப் பயணிகள் விமானங்களை ஓட்டியவர்களுக்கு அது பரவலாகத் தெரியவில்லை.

1947 ஆகஸ்ட் 2 அன்று ஸ்டார் டஸ்ட் என்ற லான்காஸ்ட்ரியன் விமானம் பதினொரு பேரோடு பியூனஸ் அயர்ஸிலிருந்து சிலியின் சாண்டியாகோவுக்குப் புறப்பட்டது. ஆண்டிஸ் மலையை மேகத்துக்கு மேலே 24,000 அடியில் கடந்தது. கீழே ஒன்றும் தெரியவில்லை. இன்னும் சில நிமிடங்களில் இறங்குவதாகச் செய்தி அனுப்பியது, பிறகு காணாமல் போனது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1998இல், துப்புங்காத்தோ மலையின் பனியாற்றில் சிதைவுகள் வெளியே வந்தன. கடும் எதிர்காற்று தரைவேகத்தைத் தின்றுவிட்டது, விமானிகள் மலையைத் தாண்டிவிட்டதாக நினைத்து இறங்கத் தொடங்கியபோது மலை இன்னும் எதிரே இருந்தது என்பதே ஆய்வாளர்கள் தரும் வலுவான விளக்கம். அவர்களது ஏர்ஸ்பீட்டும் நேரமும் கணக்கில் சரியாகவே இருந்திருக்கலாம். மலை இருந்தது தரைத் தூரத்தில்.

இன்று ஜிபிஎஸ் தரைவேகத்தை நொடிக்கு நொடி காட்டுகிறது. ஆனாலும் பயிற்சியின்போது அதை மூடிவைத்துவிட்டுக் கடிகாரத்தால் செய்து பழகுங்கள். பாதையில் நிச்சயமாக அடையாளம் தெரியும் இடங்களாக, ஒரு பாலம், ஏரிக்கரை, ரயில் சந்திப்பு என்று பதினைந்து இருபது மைலுக்கு ஒன்றைக் குறித்துவைத்து, கடக்கும் நேரத்தை எழுதுங்கள். ஆறு நிமிடத்தில் போன மைலைப் பத்தால் பெருக்கினால் தரைவேகம் வந்துவிடும். ஆறு நிமிடம் என்பது ஒரு மணியில் பத்தில் ஒரு பங்கு.

20 மைலை 12 நிமிடத்தில் கடப்பதாகத் திட்டம், ஆனால் 14 நிமிடம் ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். தரைவேகம் 100 இல்லை, 86. இன்னும் 100 மைல் இருந்தால் 60 நிமிடத்துக்குப் பதில் 70 நிமிடம் ஆகும். மணிக்கு 32 லிட்டர் குடிக்கும் விமானத்துக்குக் கூடுதலாக ஐந்தேகால் லிட்டர். ஒரே ஒரு அடையாளத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஏறும்போது இழந்த நேரமும் அதில் கலந்திருக்கலாம். அடுத்த அடையாளத்திலும் அதே 86 வந்தால் திட்டத்தாளில் பழைய தரைவேகத்தை அடித்துவிட்டுப் புதியதை எழுதி, போய்ச்சேரும் நேரத்தையும் மிச்சமிருக்கப்போகும் பெட்ரோலையும் மறுபடி போடுங்கள். தொடவே கூடாத கடைசி இருப்பு என்று புறப்படும் முன் எழுதிய எண்ணுக்குக் கீழே அது இறங்கினால், வழியிலுள்ள வேறு விமான நிலையத்தில் இறங்கிப் பெட்ரோல் போடுங்கள். பின்காற்று இருக்கும் பக்கமாகத் திரும்ப வேண்டிய நிலையம் என்றால் அது வரைபடத்தில் சற்றுத் தள்ளியிருந்தாலும் அதற்கும் ஒருமுறை நேரக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.